போர்க்குழாம் ஒன்றுக்கு ஒழுக்க விதி எழுதப் புகுவோருக்கு

கற்பனைக் கதையில் ஒரு போர்க்குழாத்தைப் படைத்து, அதற்குக் குருமாரையும் சீடரையும் கொடுத்து, அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி எழுத ஆசைப்படும் இளையவர்களை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நான் அடிக்கடி சந்திக்கிறேன். சிலர் நாவல் எழுதுகிறார்கள். சிலர் நண்பர்கள் நாலைந்து பேர் கூடியிருந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக் கதையை வளர்த்துச் செல்லும் விளையாட்டுக்காக எழுதுகிறார்கள். இரு சாராருக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும். ஒளிவாள் ஏந்திய விண்வெளி வீரர்களைத் திரையில் பார்த்த கையோடு எழுதத் தொடங்குவதில் குற்றம் ஒன்றுமில்லை; ஆனால் அங்கே பார்த்ததை அப்படியே இறக்கிவைத்தால் அது நம் வாவிக்கரையில் வேர் பிடிக்காது.

எனக்குக் காட்டப்படும் முதற் பிரதிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. அண்மையில் ஒரு தம்பி சீ.ஆர். கொப்பியில் முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தார். குருவின் முன்னே சீடன் இருக்கலாகாது, குரு உண்ணுமுன் உண்ணலாகாது, கேள்வி கேட்கலாகாது, அழலாகாது என்று இரண்டு பக்கத்துக்குச் சீடனுடைய கடமைகள் நீண்டு சென்றன. குருவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: குரு சொல்வதே முடிவு. தம்பியிடம் நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். குருவைக் கட்டும் விதியை முதலில் எழுதுங்கள், வெளியேறும் வழியை அதற்கடுத்து எழுதுங்கள், சீடனுக்கான விதிகளைக் கடைசியில் எழுதுங்கள். இந்த வரிசையை மாற்றினால் கதை இடையிலே முறிந்துவிடும் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

காவல் எதற்கு என்று தீர்மானித்தல்

விதி எழுதுமுன், உங்கள் குழாம் எதைக் காக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். 'தீமையை எதிர்க்கிறது' என்று எழுதினால் அதிலிருந்து ஒரு விதியும் பிறக்காது. காவலின் பொருள் கையால் தொடக்கூடியதாக இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு கற்பனைக் குழாத்தை வைத்துக்கொள்வோம். அவர்கள் முகத்துவாரக் காவலர். மாரி மழை பெருகி வாவி நிறையும் காலத்தில், வாவிக்கும் கடலுக்கும் இடையே நிற்கும் மணல்திட்டை வெட்டிவிடுவது நம் கரையோரத்தில் நடந்துவரும் வேலைதான். வெட்டினால் தாழ்ந்த வயல்களில் நிற்கும் வெள்ளம் வடியும். வாவியில் வலை போடுவோருக்கோ எந்த நாளில் வெட்டுவது என்பதில் வேறு கணக்கு இருக்கும். இந்த இழுபறியின் நடுவே நின்று, திட்டை எவரும் களவாக வெட்டாதபடி இரவும் பகலும் காப்பதே நம் கற்பனைக் காவலரின் வேலை என்று வைத்துக்கொண்டால், விதிகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கின்றன. தன் குடும்பத்துக்குத் தாழ்ந்த வயல் உள்ள குரு, வெட்டும் இரவில் கட்டளை இடமாட்டார். காவல் நிற்கும் சீடன் எந்தத் தரப்பார் கொடுக்கும் உணவையும் வாங்க மாட்டான். வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானையும் மீனவர் தரப்பாரும் ஒருங்கே வந்து கேட்டாலன்றி மண்வெட்டி நிலத்தைத் தொடாது. இவற்றில் எதையும் நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. காவலின் பொருள் தீர்மானமானதும் அவை கூடவே வந்தன.

குருவைக் கட்டும் விதிகள்

தமிழில் இதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நன்னூலின் பொதுப்பாயிரம் முதலில் நூலைச் சொல்லி, அடுத்து ஆசிரியரைச் சொல்லி, அவர் பாடம் சொல்லும் முறையையும் சொல்லி முடித்த பிறகுதான் மாணாக்கரிடம் வருகிறது. நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமையாக்கிய அதே நூல், ஆசிரியராகத் தகாதவரையும் கூசாமல் பட்டியலிடுகிறது. மடற்பனை போன்றவர் ஒருவர்: கிட்டப் போனால் கருக்கு அறுக்கும், தானாகப் பழம் விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாமே தவிர ஏறிப் பறிக்க முடியாது. முடத்தெங்கு போன்றவர் இன்னொருவர்: ஒரு வளவிலே நீர் குடித்து வளர்ந்துவிட்டு, வேலிக்கு மேலால் சாய்ந்து அடுத்த வளவுக்குக் காய் கொடுப்பவர். நம் ஊரில் வேலியோரத் தென்னையால் மூண்ட சண்டைகளைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்த உவமைக்கு உரை தேவைப்படாது. உங்கள் கதையில் பிழையான குரு ஒருவர் வருவாரானால், அவர் எந்த வகைப் பிழை என்பதை இந்தப் பட்டியலை வைத்தே முடிவுசெய்துகொள்ளலாம். வெறுமனே கொடியவராக இருப்பவரைவிட முடத்தெங்காக இருப்பவர் கதைக்கு நூறு மடங்கு பயன்படுவார்.

அடுத்து, துரோணரை ஒருமுறை ஆற அமரப் படித்துப் பாருங்கள். ஏகலைவனின் கட்டைவிரலைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். விதி எழுதுபவர் கவனிக்க வேண்டிய இடங்கள் இன்னும் இரண்டு உண்டு. முதலாவது, உனக்கு நிகராக வேறு வில்லாளி இருக்க மாட்டான் என்று அருச்சுனனுக்கு அவர் கொடுத்த வாக்கு. ஒரு சீடனுக்குத் தனிப்படக் கொடுத்த அந்த வாக்குத்தான் இன்னொருவனுடைய விரலை விலையாகக் கேட்டது. இரண்டாவது, கல்வி முடிந்ததும் துருபதனைச் சிறைபிடித்து வருமாறு அவர் கேட்ட குருதட்சணை. அது அவருடைய சொந்தப் பகை. சீடர்களுக்கும் துருபதனுக்கும் ஒரு வழக்கும் இல்லை. அந்தப் பகையின் மறு அறுவடையாகத்தான் திட்டத்துய்மன் பிறந்து, பதினைந்தாம் நாட் போரில் அவருடைய தலையை எடுத்தான். ஆகவே நம் காவலருக்கு இரண்டு விதி எழுதலாம்: குரு எந்தச் சீடனுக்கும் மற்றச் சீடரைப் பாதிக்கும் தனி வாக்குக் கொடுக்க மாட்டார், குரு தம் சொந்தப் பகையைத் தட்சணையாகக் கேட்க மாட்டார். இரண்டையும் மீறக்கூடிய மனிதராக அந்தக் குருவைப் படைத்துவிட்டால் கதையில் பாதி முடிந்தது போலத்தான்.

விதியின் நடையைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். 'குரு சீடனிடம் அன்பாக இருக்க வேண்டும்' என்பது விதி ஆகாது. யார், எதை, எப்போது செய்வார், மீறினால் யாரிடம் முறையிடுவது என்ற நான்கும் இல்லாத வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்தப் பாத்திரமும் வழக்காட முடியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'குரு சீடனைத் தண்டிக்கும்போது மூன்றாமவர் ஒருவர் உடனிருப்பார், தண்டனையும் அதன் காரணமும் அன்று பொழுதுபடுமுன் ஏட்டில் ஏறும், ஏட்டைச் சீடனின் தாய்தந்தையர் எந்நாளும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.' அன்பு என்ற சொல்லே இல்லாமல் அன்புக்கு வேண்டிய காவல் அதற்குள் வந்துவிட்டது.

சேர்ப்பதும் வயதும்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். ஐரோப்பிய வீரர் மரபில் ஏழு வயதளவில் பெருவீட்டுப் பணிக்குச் சென்ற பிள்ளை, பதினான்கு அளவில் ஒரு வீரனுக்கு ஆயுதம் சுமப்பவனாகி, இருபத்தொன்று அளவில் தானும் வீரனாவது பொது வழக்கம். அதைப் படித்துவிட்டுப் பலரும் ஏழு வயதுப் பிள்ளையின் கையில் வாளைக் கொடுத்துக் கதையைத் தொடங்குகிறார்கள். பிற நாட்டு வாசகர் அதை வீரமென்று படிக்கக்கூடும். பிள்ளைகள் போருக்குக் கொண்டுபோகப்பட்ட காலத்தைத் தாய்மார் இன்னும் மறவாத மண்ணிலிருந்து எழுதுகிற நாம், அந்த வரியை எழுதுவதற்கு முன் நம் வாசலில் இருந்து படிக்கப் போகிறவர் யார் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் போரில் நேரடியாக ஈடுபடலாகாது என்பதற்காகவே சிறுவர் உரிமை உடன்படிக்கைக்கு 2000ஆம் ஆண்டில் ஒரு விருப்பு நெறிமுறை சேர்க்கப்பட்டது. கதையிலே குழாம் அந்த எல்லையை மீறலாம். மீறுவதுதான் உங்கள் கதையின் கருவாகவும் இருக்கலாம். ஆனால் மீறல் என்பதை எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும், பாத்திரங்களில் ஒருவராவது வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

பயிற்சி வேறு, போர் வேறு என்று பிரித்துக்கொண்டால் வழி திறக்கும். பிள்ளை சிறு வயதில் வரலாம், கற்கலாம், கூட்டாகத் தங்கலாம். காவலுக்கு நிற்பதும் ஆயுதம் எடுப்பதும் வயது வந்த பின்தான். இந்தப் படிமுறைக்கு நம்மிடம் அருமையான அச்சு ஒன்று உண்டு, அது கூத்து. ஊரவர் கூடியிருக்க, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்து இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று சட்டம், அதாவது அந்தப் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும், கொடுக்கிறார். பிறகு மாதக்கணக்கில் கூத்தாடும் களரியில் இரவுப் பழக்கம். ஆட்டம் ஓரளவு பிடிபட்ட பின்னரே சதங்கை அணிவிழா. அரங்கேற்றம் அதற்கும் பிறகு. ஒவ்வொரு படியும் ஊரின் கண்ணுக்கு முன்னால் நடப்பதால், யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதில் மறைவு இல்லை. உங்கள் குழாத்துக்கும் மூன்றோ நான்கோ படிகளை இப்படி வகுத்து, ஒவ்வொன்றையும் யார் முன்னிலையில் ஏறுவது என்று எழுதிவிடுங்கள். இருட்டறையில், முகமூடி போட்டவர்கள் நடுவே, சத்தியம் செய்துகொடுக்கும் சடங்கு பார்வைக்குக் கம்பீரமாகத்தான் இருக்கும். அதற்கு ஊரார் சாட்சி இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒரு குருவுக்கு எத்தனை சீடர் என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். ஒருவருக்கு ஒருவர் என்றால் பாசமும் சந்தேகமும் ஆழமாகும். அண்ணாவியாரைப் போல ஒருவரே ஊருக்கெல்லாம் கற்பித்தால் போட்டியும் பொறாமையும் வளரும். புதிதாக எழுதுவோருக்கு மூன்று சீடர் போதும். அதற்கு மேல் பெயர்களை நினைவில் வைக்க வாசகர் சிரமப்படுவார்.

அன்றாடம்: வணக்கம், சோறு, தண்டனை

சிலம்படிக் களத்தில் கம்பை எடுத்ததும் வீச்சு தொடங்கிவிடாது. சலாவரிசை முடிய வேண்டும். எதிரே நிற்பவரை அடிக்கும் முன் அவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்ற இந்த ஒழுங்கு உங்கள் குழாத்துக்கும் தேவை. சீடன் குருவுக்கு வணக்கம் செய்வதை எல்லாரும் எழுதுவார்கள். குரு அதை எப்படி ஏற்றுக்கொள்கிறார், திருப்பி என்ன செய்கிறார் என்பதையும் எழுதுங்கள். அழைக்கும் முறையும் அப்படியே. மட்டக்களப்புக் களரியில் நான் பழகிய காலத்தில் தாளக்கட்டுக்குக் கால் தவறி நின்றபோது, மத்தளத்தை நிறுத்திவிட்டு, "மனே, பிழைச்சிட்டாய், தொடக்கத்தில இருந்து வா" என்றுதான் அண்ணாவியார் சொல்வார். அந்த 'மனே'யில் இருந்த கண்டிப்பு எந்தப் பிரம்படியிலும் இல்லை. உங்கள் குரு சீடனை என்ன சொல்லி அழைக்கிறார் என்று தீர்மானித்துவிட்டால் மற்ற உரையாடல்கள் எளிதாகும்.

சோற்று விதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1129ஆம் ஆண்டில் துறுவா நகரில் கூடிய திருச்சபை மன்றம் டெம்பிளர் என்ற துறவு வீரர் அமைப்புக்கு ஏற்றுக்கொடுத்த விதிகளில், கிண்ணங்கள் போதாமையால் சகோதரர் இருவர் இருவராகச் சேர்ந்து உண்ண வேண்டும் என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் மற்றவரைக் கவனித்துக்கொள்வதற்கும் அது உதவும் என்பது காரணம். காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ கலியாண வீட்டில் ஐந்தாறு பேர் ஒரு சகனை, அந்தப் பெரிய சோற்றுத் தட்டை, சுற்றி இருந்து சாப்பிட்டவருக்கு இதன் பொருள் உடனே விளங்கும். பக்கத்தில் இருப்பவர் இன்று ஏன் கை வைக்கவில்லை என்பது சகனில் மறையாது. நம் முகத்துவாரக் காவலர் குருவும் சீடருமாக ஒரே சகனில் உண்பார்கள் என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். கோபித்துக்கொண்ட சீடனை எழுத அதைவிட நல்ல இடம் வாய்க்காது.

அதே டெம்பிளர்களிடம் கடும் குற்றத்துக்குத் தண்டனையாக மேலங்கியைப் பறித்து, நெடுநாள் நிலத்தில் இருந்து உண்ண வைக்கும் வழக்கமும் இருந்தது. ஒருவர் இதை அப்படியே எடுத்துத் தம் கதையில் போட்டிருந்தார். நிலத்தில் சப்பணமிட்டு இருந்து உண்பது நமக்கு எந்த நாளில் அவமானமாக இருந்தது? இரவல் விதி இப்படித்தான் காலை வாரும். தண்டனை எழுதும்போது இந்த ஊரில் எது ஒருவனைக் கூச வைக்கும் என்று கேளுங்கள். கூத்தாடப் பழகியவனுக்குச் சதங்கையைக் கழற்றி வைக்கச் சொல்வதே போதும்.

மறுக்கும் உரிமை

சீடன் எந்தக் கட்டளையை மறுக்கலாம் என்று எழுதாத குழாம் கதைக்கு உதவாது. எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிபவனிடம் நெருக்கடி எதுவும் உண்டாகாது. நம் காவலருக்கு நான் மூன்றை வைப்பேன்: ஆயுதமில்லாதவரைத் தாக்கச் சொன்னால் மறுக்கலாம், ஏட்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லப்பட்ட எதையும் மறுக்கலாம், தன் சொந்த ஊரவரை ஒற்றுப் பார்க்கச் சொன்னால் மறுக்கலாம். மறுப்பை மூன்று சாட்சிகள் முன் ஒருமுறை சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கடைசிப் பகுதி சில நண்பர்களுக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்கத் தொடங்கினால் மறுப்பு வழக்காகி, வழக்கிலே வாய் வல்லவர் வெல்வார் என்பது என் எண்ணம்.

வெளியேறும் வழி

அபிமன்யுவின் கதையைக் கூத்துக் களரியில் பார்த்தவர்கள் இதைப் படிக்குமுன்பே எங்கே வருகிறேன் என்று ஊகித்திருப்பார்கள். வியூகத்தை உடைத்து நுழையக் கற்றவன் வெளியேறக் கற்கவில்லை. பதின்மூன்றாம் நாளில் நுழைந்தான், திரும்பவில்லை. அவனுக்கு நுழைவை மட்டும் சொல்லிக்கொடுத்த கல்வியைப் பற்றி எவரும் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சத்தியம் எழுதும்போது 'உயிருள்ளவரை' என்ற சொல் தானாகவே பேனாவில் வந்து நிற்கும். அதைத் தள்ளிவையுங்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் சடங்குக்கு நோன்பிருந்து, வனவாசம் போய், தீ மிதிக்கிறவர்களைப் பாருங்கள். நோன்பு கடுமையானதுதான். ஆனால் காப்புக் கட்டிய கைக்குக் காப்பு அவிழும் நாளும் உண்டு. அதன் பிறகு அவர் வயலுக்கோ கடைக்கோ போய்ப் பழையபடி வேலை பார்ப்பார், எவரும் அவரைத் துரோகி என்று சொல்வதில்லை. உங்கள் குழாத்தின் சத்தியத்துக்கும் இப்படி ஒரு நாள் குறியுங்கள். முகத்துவாரக் காவலருக்கு நான் ஒரு மாரியைக் குறிப்பேன். மழை ஓய்ந்ததும் காப்பு அவிழும். அடுத்த மாரிக்கு விரும்பினவர் திரும்பக் கட்டிக்கொள்வார். நாளுக்கு முன் போக விரும்புகிறவர் ஆயுதத்தையும் காவல் இரகசியத்தையும் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு குருவுடையது.

இனி, என் பிழை. நான் முதன்முதலில் எழுதிய நெடுங்கதையில் குருவை மூன்றாம் அத்தியாயத்தில் சாகடித்துவிட்டேன். சாவு நன்றாகத்தான் அமைந்தது. ஆனால் அவருடைய இரண்டு சீடரும் யாரிடம் போக வேண்டும், பாதியில் நின்ற கல்வி எந்தப் படியில் கணக்காகும், அவர் சொல்லிவைத்த தண்டனை இன்னும் செல்லுமா என்று எந்த விதியும் நான் எழுதவில்லை. வழியின்றி, அதுவரை கதையில் தலைகாட்டாத அவருடைய தம்பி ஒருவரை ஐந்தாம் அத்தியாயத்தில் படகில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினேன். படித்த நண்பர் கேட்டது ஒன்றுதான்: "இந்த மனிசன் இவ்வளவு நாளும் எங்க கிடந்தவர்?" குரு இறந்தால், நோயுற்றால், குழாத்தை விட்டு நீங்கினால், அல்லது விதி மீறி விலக்கப்பட்டால் சீடர் யாருடைய பொறுப்பு என்பதை ஒரு விதியாக இன்றே எழுதிவிடுங்கள், நான்கும் ஒரே விடையாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

சோதித்துப் பார்த்தல்

எல்லாம் எழுதி முடிந்ததும் ஒரு தாளின் இரு பக்கத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் சீடனுக்குரியவற்றில் வெட்டுங்கள், குருவுக்குரியவற்றில் கை வைக்காதீர்கள். பிறகு இரண்டு நண்பரைக் கூப்பிட்டு, ஒருவர் குருவாகவும் மற்றவர் சீடராகவும் இருக்க, ஓர் இரவை நடத்திப் பாருங்கள். வாவி நிறைந்துவிட்டது, மழை விடவில்லை. வயல்காரர் மண்வெட்டியோடு வந்து நிற்கிறார்கள், வலைகாரர் இன்னும் வந்து சேரவில்லை. குருவின் தமையனுடைய வயல் இடுப்பளவு நீரில் கிடக்கிறது. குரு சீடனைத் தனியே கூப்பிட்டு, ஏட்டை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் மனே, இப்போது நீ போய்த் திட்டை வெட்டு என்கிறார். சீடனாக இருப்பவரிடம் உங்கள் தாளைக் கொடுத்து, எந்த விதியைக் காட்டி என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டிருங்கள். அவர் விரல் எந்த வரியிலும் நிற்காமல் தாளைத் திருப்பிக்கொண்டே இருந்தால், எழுத வேண்டிய விதி இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது.